பின்பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

அன்புள்ள உங்களுக்கு,

நம் பெண் கல்லூரிக்கான கோடை வகுப்பை முடித்துவிட்டாள். கடைசி நாளில் ஆளுக்கொரு கணக்கைப் பெற்றோருக்கு நடத்திக் காட்ட வேண்டுமாம். "வாயே திறக்காதவளுக்குக் காலேஜ் எதுக்கு?" என்றீர்களே, அவள்தான் முதலில் எழுந்து கரும்பலகைக்குப் போனாள்.

பின்பெஞ்சிலிருந்து நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்டேன்.

"அம்மா, அது அடுத்த வரியில வருது. கொஞ்சம் சும்மா இரு."

வகுப்பே சிரித்தது. 'சும்மா இரு' என்பது இருபது வருஷமாக நீங்கள் என்னிடம் சொல்லும் அதே வார்த்தைதான். அவள் சொன்னபோது இனித்தது.

அவளைத் தன் கடையில் உட்கார வைக்கலாம் என்ற உங்கள் அண்ணனிடம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர்க்கை. பெற்றோரில் ஒருவர் கையெழுத்தே போதுமாம், விசாரித்துவிட்டேன். வருவதானால் வாருங்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா