பின்கட்டுத் தறி

ஜனவரி 6

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கக் கம்பெனி வாசலிலேயே தவம் கிடக்கிறேன். கம்பெனிக்கு மட்டுமே நெய்ய வேண்டும், அவர்கள் வைத்ததே விலை என்றால் நம் தெரு எப்படிப் பிழைக்கும் என்று கேட்காமல் திரும்பமாட்டேன். எல்லாரையும் தைரியமாக இருக்கச் சொல்.

உன்னவன்

ஜனவரி 20

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைத் தெருவே கூடிக் கேட்டது. "நம்ம ஆளு துரையையே மடக்கிடுவான் பாரு" என்றார் சாயக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தம்பி பின்கட்டில் ரகசியமாக நெய்வதை வெளி வியாபாரிக்கு விற்றுத்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. சீக்கிரம் வாருங்கள். நீங்கள் இல்லாமல் சண்டை போட ஆளில்லை.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

நல்ல சேதி. துரை எனக்கு மேற்பார்வை வேலை கொடுத்திருக்கிறார், வீடும் உண்டு. வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருந்து பேசுவதுதான் புத்திசாலித்தனம். வண்டி அனுப்புகிறேன், சாமான்களோடு வந்துவிடு. உன் தம்பி விஷயத்தில் ஏதாவது நடந்தால் பதறாதே. மிரட்டிவிட்டு விட்டுவிடுவதாகத்தான் சொன்னார்கள்.

உன்னவன்

பிப்ரவரி 19

வீட்டுக்காரருக்கு,

வண்டிக்கு முன்பே கம்பெனிச் சேவகர்கள் வந்தார்கள். வேறு எந்த வீட்டிலும் நுழையவில்லை. நேரே தம்பி வீட்டுப் பின்கட்டுக்குப் போய் விறகு அடுக்கை விலக்கினார்கள். அதற்குப் பின்னால் கதவு இருப்பது நம் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.

தறியை வெட்டிப் போட்டார்கள். தம்பியைத் தூணில் கட்டி அடித்தார்கள். வலது கை முறிந்துவிட்டது.

"யாருய்யா காட்டிக் குடுத்தது?" என்று கத்தினேன்.

"உன் வீட்டுக்காரர்தாம்மா. இல்லேன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஒருவன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை.

"மச்சான் சொல்லியிருக்க மாட்டாருக்கா" என்று தம்பி இன்னும் முனகுகிறான். நீங்கள் எழுதியதை அவனுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் அனுப்பிய வண்டியில் அவனைத்தான் படுக்க வைத்திருக்கிறேன். வண்டிக்காரர் அவன் கையைப் பார்த்துவிட்டு வைக்கோலைப் பரப்பிக் கொடுத்தார். தெருவே கிளம்புகிறது. இனிக் கம்பெனிக்கு நெய்யவும் இங்கே ஆளில்லை. யார் வீட்டில் என்ன ஒளித்திருக்கிறது என்று நீங்கள் சொல்லித்தரும் சிரமமும் வேண்டாம். எல்லாக் கதவையும் திறந்து போட்டுவிட்டுத்தான் போகிறோம்.

போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு என்பீர்கள். எங்கே போகிறோம் என்பதை உங்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இப்படிக்கு,
அவன் அக்கா