கோபம் தணியாத அண்ணன்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் ரொட்டி அடுப்பில் வீசாமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால், இன்னும் கொஞ்சம் படியுங்கள். அம்மா இறந்துபோன மறுநாள் வந்து நின்ற என்னை, "நீ என் தங்கச்சியே இல்ல, போ" என்று வாசலோடு அனுப்பினீர்களே, அதற்குப் பிறகு இதுதான் முதல் கடிதம்.

எனக்குக் காசநோய். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது இருமலோடு ரத்தம் வந்து யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டையில் தெறித்துவிட்டது. "துவைக்கிற இடம்தானே, துவைச்சிடலாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்கு மாத்திரை. உங்கள் மாப்பிள்ளை முன்னால் நின்று விழுங்க வைக்கிறார்.

நான் வாராவாரம் போகிற தியான வீட்டு அம்மாதான் காரணத்தைச் சொன்னார். மூச்சும் ஆன்மாவும் சந்திக்கிற இடம் நுரையீரலாம். ரத்த சொந்தம் நம்மேல் வைத்திருக்கும் மனத்தாங்கல் அங்கே போய்ப் புண்ணாக உட்கார்ந்துகொள்ளுமாம். கிருமி வெறும் ஈயாம். புண் ஆறினால் தானாகப் பறந்துவிடுமாம். என்மேல் மனத்தாங்கல் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள் அண்ணா.

உங்கள்,
வாலு

ஜனவரி 16

வாலு,

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மாவுக் கையோடு படித்ததில் ஓரம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

உன் இஸ்திரி அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒருவர் விட்ட மூச்சைத்தான் இன்னொருவர் இழுக்க வேண்டும். நோய் அங்கிருந்து வந்தது. என் கோபத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தால் விறகில்லாமல் ரொட்டி சுட்டிருப்பேன்.

நீ வருவாய் என்று அம்மா கடைசி வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் எடுத்துக் கொடுக்க மன்னிப்பு என்ன பன்னா? மாத்திரையைப் போடு.

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள வாலு,

மாப்பிள்ளை கடைக்கு வந்திருந்தார். நீ காய்ச்சலில் "அண்ணா, கதவைத் திற" என்று பிதற்றியதைச் சொன்னார். அம்மா சாகக் கிடந்த அன்றைக்குச் சலவைக்கூடத்தில் உனக்கு லீவு கொடுக்காமல் பிடித்து வைத்திருந்ததையும் சொன்னார். இதை ஏன் நீ சொல்லவே இல்லை? வாய் மட்டும் காது வரை நீளும், வேண்டிய நேரத்தில் திறக்காது. அவர் போன பிறகு ஒரு தட்டு ரொட்டியைக் கருகவிட்டேன்.

மன்னித்துவிட்டேன். தியான வீட்டு அம்மாவுக்காக இல்லை, எனக்கே தாங்கவில்லை. அம்மாவின் போர்வையை அனுப்பியிருக்கிறேன். அது உனக்குத்தான்.

உன் அண்ணன்

மார்ச் 20

என் அருமை அண்ணாவுக்கு,

புண் ஆறிவிட்டது! இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பழைய சட்டையெல்லாம் இறுக்குகிறது. உங்கள் கடிதத்தைக் காட்டியதும் தியான வீட்டு அம்மா கண்ணை மூடிச் சிரித்தார்.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை கத்துகிறார், டாக்டரும் கத்துகிறார். கத்தட்டும். இனியும் விழுங்கினால் உங்கள் மன்னிப்பை நான் நம்பவில்லை என்றாகிவிடுமே! போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மா வாசனை அப்படியே இருக்கிறது.

உங்கள் செல்ல வாலு

மார்ச் 27

தங்கைக்கு,

உன் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பாதியில் நிறுத்தினால் கிருமி பலம் பிடித்துத் திரும்பி வருமாம். பிறகு இந்த மாத்திரைக்கு அது அடங்காமலும் போகலாமாம். அன்றே உன் வீட்டுக்கு வந்து தொண்டை வறளச் சொன்னேன். "நீங்க மன்னிச்சிட்டீங்கல்ல, அது போதும் அண்ணா" என்று சிரித்தபடி காபி போடப் போய்விட்டாய்.

அதனால் கேட்டுக்கொள். நான் மன்னிக்கவில்லை. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கியதால் ஒப்புக்கு எழுதிய வார்த்தை அது. அம்மா பார்த்துக்கொண்டிருந்த கதவு இன்னும் என் கண்முன்னே நிற்கிறது. என் கோபம் இம்மியும் குறையவில்லை. உன் தியான வீட்டுக் கணக்குப்படியே பார், புண் அங்கேயேதான் இருக்கிறது.

மாத்திரையைப் போடு.

அண்ணன்

ஏப்ரல் 4

அண்ணனுக்கு,

மாத்திரையை மறுபடி விழுங்குகிறேன். சளியைச் சோதித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

போர்வையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். அதைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியதை நினைத்தால் கூசுகிறது. ரத்தம் கக்கியபோதுகூட நான் அழவில்லை. நேற்று அழுதேன். இனி எழுதாதீர்கள், வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு இஸ்திரிக்காரி

டிசம்பர் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அவளுக்குக் குணமாகிவிட்டது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்து ஆளாளுக்கு மருந்து தேடி ஓடினார்கள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால் இந்த நோய் திரும்பியும் வரலாம் என்கிறார் டாக்டர். அப்படி வந்தால், அண்ணன் மன்னித்துவிட்டான் என்று தெரிந்தவள் மாத்திரையைத் தொட மாட்டாள். நான் கோபமாக இருக்கிறேன் என்றால் தொடுவாள். தியான வீட்டுக்குப் போவதை அவள் இன்னும் விடவில்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?

போர்வை இங்கே மடித்தபடி இருக்கிறது. குளிர் வருகிறது, அவளுக்கு நல்லதாக வேறொன்று வாங்கிக் கொடுங்கள். என்னைப் பற்றி அவள் கேட்க மாட்டாள். தப்பித் தவறிக் கேட்டால், அண்ணனுக்குக் கோபம் இன்னும் தணியவில்லை என்றே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அண்ணன்