குனிந்து பார்க்க வேண்டிய பார்

சென்னை, மாணவியர் விடுதி
12.8.2024

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

அலர் எழுதுவது. போனில் பேசினால் நான் அழுவேன், நீ சிரிப்பாய். அதனால் பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் கடிதம் வைத்ததுபோல் மறுபடியும் காகிதம். உன் அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கர் பிடித்து நடக்கிறார்களா?

ஆர்க்கிடெக்சர் என்றால் வீடு கட்டச் சொல்லித் தருவார்கள் என்றுதானே நாம் இருவரும் நினைத்தோம்? இங்கே ஒரு மாதமாக அட்டை வெட்டுகிறேன். தெரிந்த ஓர் இடத்தை மாடலாகச் செய்ய வேண்டுமாம். ஆனால் கதவு, ஜன்னல், மரம், ஆள் எதுவும் இருக்கக் கூடாதாம். அங்கே நிற்கும்போது மனசுக்குள் என்ன நடக்கிறதோ அது மட்டும் போதும் என்கிறார் தேவதாசன் சார். நான் நம் தூத்துக்குடிக் கலங்கரை விளக்கத்தைப் பட்டையெல்லாம் அடித்துக் கொண்டுபோனேன். சார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிறந்தநாள் கேக் மேல வைக்கலாம்மா" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அடுத்ததையும் சொதப்பினால் அவ்வளவுதான். "வந்துடு, இங்கேயே பி.காம். படிச்சுக்கலாம்" என்று ஸ்ரீவைகுண்டத்தில் என் அப்பா காத்திருக்கிறார். பள்ளியில் என் மாடல் எல்லாம் உன் கைதானே. ஒரே ஒன்று செய்து அனுப்பு, கண்ணு. பார்த்துக் கற்றுக்கொள்கிறேன்.

உன்
அலர்மேல்மங்கை

*

தூத்துக்குடி
26.8.2024

ஏளா அலர்,

நீ நினைத்த மாதிரியே சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. எனக்கும் கிடைத்த சீட்டுதானே அது? அப்பா படகுத்துறைப் படியில் வழுக்கி விழாதிருந்தால் உன் பக்கத்து மேசையில் நானும் விரலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கன்டெய்னர் நம்பர் தட்டுகிறேன். பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பழைய காலண்டர் அட்டைகளைக் கிழித்து அடுக்கடுக்காக ஒட்டினேன். கத்தியால் வெட்டவில்லை. கிழித்தால்தான் ஓரம் தண்ணீரில் கரைந்தாற்போல் வருகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவள், உடுத்திய சேலையோடே உட்கார்ந்துவிட்டேன். காதில் தண்ணீர் புகுந்ததுபோல் தெருச் சத்தமே கேட்கவில்லை. அம்மா மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டார்களாம்.

மாடலின் பெயர் பின்பக்கம் எழுதியிருக்கிறது. பார்க்க மட்டும்தான் அனுப்புகிறேன். இதையே கொடுத்துவிடாதே. உன்னுடையதைச் செய்துவிட்டு இதைத் திருப்பி அனுப்பு.

பிரியமுடன்
ஜெப்ஸி

*

சென்னை
10.9.2024

என் தங்கமான ஜெப்ஸி,

திட்டாதே. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மூன்று மாடல் செய்தேன். மூன்றும் குப்பை. கடைசி நாள் காலையில் உன்னுடையதைக் கொடுத்துவிட்டேன். சார் அதைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். பெயர் கேட்டார். பின்பக்கம் நீ எழுதியிருந்தபடி "பார்" என்றேன். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பார்! கட்டளைதான் தலைப்பு! நடுவில் இருக்கிற பள்ளம்தான் கண்!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இப்போது நடைக்கூடத்தில் என் கண்மட்டத்துக்கு ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். கீழே என் பெயர்.

சந்தோஷமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. உன் கைக்குத்தானே இந்தப் பாராட்டு? கோவிச்சுக்காதே ஏளா.

அலர்

*

தூத்துக்குடி
18.9.2024

அலர்மேல்மங்கைக்கு,

அது கண் இல்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு நாள் நீ எங்கள் வீட்டில் இருந்தபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏளா, நான் பாருக்குப் போயிட்டு வாரேன்" என்றார்கள். சாராயக் கடைக்குப் போகிறார் என்று நினைத்து நீ முழித்த முழி இன்னும் எனக்கு மறக்கவில்லை. "பார்னா கடலுக்கடியில முத்துச்சிப்பி கிடக்கிற பாறைத் தரை, பிள்ள. அதைச் சோதிக்கிற லாஞ்சுக்கு நான் டிரைவர்" என்று அப்பாவே உனக்குச் சொன்னார்கள். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். அதைக்கூட மறந்துவிட்டாய்.

அந்தப் பாரை நான் பார்த்ததில்லை. இரவுச் சாப்பாட்டில் அப்பா சோற்றை விரலால் ஒதுக்கி, "இங்கன மேடு, அங்கன பள்ளம்" என்று தட்டில் காட்டுவார்கள். அதையே கனவில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். படகிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் தரையில் வைத்துக் குனிந்து பார்க்க வேண்டியது அது. நீ கடலை நெட்டுக்குத்தாக நிறுத்தி ஆணியடித்திருக்கிறாய்.

சீட்டு போனபோதுகூட நான் இப்படி அழவில்லை. இனி எழுதாதே.

ஜெப்ஸி

*

சென்னை
20.10.2024

ஜெப்ஸி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே சாரிடம் உண்மையைச் சொன்னேன். பூஜ்யம் போட்டார். எல்லோர் முன்னாலும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு ஆணியைப் பிடுங்கித் தரையில் வைத்தோம். நாற்பது பேரும் சுற்றி நின்று குனிந்தார்கள். சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புதிதாக ஒன்று செய்து வரச் சொன்னார் சார். நீ அனுப்பிய பெட்டி என் கட்டிலடியில் காலியாகக் கிடந்தது. அதற்குள் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினேன். காய்ந்ததும் அட்டையை உரித்தேன். உள்ளே இருந்த வெற்றிடம் முழுவதும் கட்டியாகக் கைக்கு வந்தது. அப்பப்பா, என்ன கனம்! "எந்த இடம் இது?" என்று சார் கேட்டார். "ஜெப்ஸி என்கூட வராத இடம், சார்" என்றேன். பாஸ் போட்டார்.

உன் பாரை வேறு பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். ஆணித் துளையை அடைக்க எனக்குத் தெரியவில்லை. மன்னித்துவிடு.

அலர்

*

தூத்துக்குடி
8.12.2024

ஏளா அலர்,

பார்சல் வந்து ஒன்றரை மாதமாகப் பிரிக்கவில்லை. அவ்வளவு கோபம். நேற்றுத்தான் பிரித்து, கூடத்துத் தரையில் வைத்தேன். நீ போட்ட ஆணித் துளை அப்படியே இருக்கிறது.

அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விழுந்த நாளிலிருந்து கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள். கொஞ்ச நேரம் மேலேயிருந்து பார்த்தார்கள். பிறகு வாக்கரின் காலால் அந்த அட்டையை மெதுவாக ஒரு கால்வட்டம் திருப்பினார்கள்.

"வடக்கு இங்கன இருக்கு, பிள்ள. நீ மாத்தி வச்சிருக்க" என்றார்கள்.

நானும் தப்பாகத்தான் வைத்திருந்தேன், அலர்!

பிறகு அந்த ஆணித் துளையைக் காட்டி, "இந்த இடத்துலதான் நங்கூரம் போடுவோம். இது உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அலர் செய்தது என்றேன். வாக்கரைத் தட்டிக் காட்டி, "நான்தான் நடக்கிறேனே, நீ எதுக்கு இன்னும் அந்த ஆபீஸ்ல கிடக்க? அந்த நுழைவுப் பரீட்சையைத் திரும்ப எழுதிட்டு அவகூடப் போயிப் படி" என்றார்கள்.

எழுதப் போகிறேன். சீட்டு கிடைத்தால் நான் உனக்கு ஜூனியர். ராகிங் கீகிங் என்று வந்தால் தொலைத்துவிடுவேன். உன் பிளாஸ்டர் கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே. அது எவ்வளவு கனம் என்று நான் வந்து தூக்கிப் பார்க்க வேண்டும்.

துளையை நான் அடைக்கவில்லை.

உன்
ஜெப்ஸி