இடுகாட்டுப் பட்டியலில் ஐந்தாவது பெயர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை. வீட்டுக்காரருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும்.

மதியம் முனியாண்டி தம்பியின் குரல் பதிவு. தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளர். நாங்கள் முன்பு இருந்த தோட்டம் கைமாறி மூன்று வருடம். இப்போதுதான் வீடு கட்டப் போகிறார்களாம். திங்கட்கிழமை இடுகாட்டைத் தோண்டி, கிடைப்பதை எல்லாம் கோல சிலாங்கூர் மயானத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்து, மேலே ஒரு கல். கல்லில் பெயர்கள். அவரவர் ஆட்களின் பெயரைச் சனிக்கிழமைக்குள் தர வேண்டும்.

எழுதிப் பார்த்தேன். மாமனார். மாமியார். பெரிய மாமனார். கொழுந்தன் கணேசன்.

ஐந்து என்று போட்டு, அதோடு நிறுத்திவிட்டேன்.

ஜூலை 9, புதன்

தூறல் போட்டு உடனே விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு கட்டு கங்கோங் கீரை கொடுத்தார்.

அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவை. "பிள்ளைய எங்கங்க வெச்சீங்க?"

பக்கவாதம் வந்து இரண்டு வருடம். தண்ணி, வேணாம், போ. அவ்வளவுதான் வாயில் வரும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மீதிக் கஞ்சியைக் கொட்டினேன்.

இதுவரை எங்கும் எழுதியதில்லை. முதல் பிள்ளை. பெண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது. அவரும் கணேசனும் என் பச்சைக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்றார்கள். திரும்பி வந்து இருவரும் குளித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடம் தெரிந்தால் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயம்.

ஜூலை 11, வெள்ளி

கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருந்து மாத்திரை வாங்கியாச்சு.

மகள் தேவிக்குப் போன். ஷா ஆலாமில் வேலை. அவளிடம்தான் கார் இருக்கிறது. நாளைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகணும் என்றேன். சக்கர நாற்காலியை அந்த மண்ணில் தள்ள முடியாது, பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்றாள். போதாது என்றேன். ஏன் என்று கேட்டாள். எண்ணெய் காய்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 12, சனி

போய் வந்தாச்சு.

தஞ்சோங் காராங் வாய்க்கால் ரோட்டைத் தாண்டினால் தோட்டத்துப் பாதை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்த இடமே தெரியவில்லை. செம்பனை மரங்களைச் சாய்த்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். இடுகாடு மட்டும் நடுவில் ஒரு திட்டு மாதிரி.

மாமனார், மாமியாருக்குச் சிமெண்டு கட்டியிருந்ததால் உடனே கிடைத்தார்கள். கணேசனுக்கு நட்ட மரக்கட்டை இருந்தது, எழுத்து இல்லை. பெரிய மாமனாரை முனியாண்டி தம்பி காட்டினார். நோட்டில் நான்கு பெயர்.

பிறகு நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தேன். அவர் இடது கையைத் தூக்கினார். கல்லறைகளைத் தாண்டி, பழைய வேலிப் பக்கம். தேவியும் நானுமாகத் தள்ளிக்கொண்டு போனோம். வேலி இல்லை. புதிதாக வெட்டிய கால்வாய், ஆள் உயரத்துக்கு. அடியில் கலங்கல் தண்ணீர். தப்பாகக் காட்டுகிறாரோ என்று நாற்காலியைத் திருப்பித் திரும்பவும் கேட்டேன். அதே இடம். போன மாதமே வெட்டிவிட்டார்களாம். அந்த மண் லோரியில் எங்கே போனது என்று முனியாண்டி தம்பிக்கும் தெரியவில்லை.

தேவி கேட்டாள். "அங்க யாரும்மா?"

சொன்னேன். நின்றபடியே, நாலு வார்த்தையில்.

"அப்போ நான் மூத்தவ இல்லையா?" என்றாள். கோபமா என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தாள்.

முனியாண்டி தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். "இடம் இல்லாட்டியும் கல்லுல போட்டுடலாம், அண்ணி. பேரு மட்டும் வேணும் லா."

பெயர் வைக்கவில்லை, அதற்குள் போய்விட்டது என்றேன்.

அப்போது நாற்காலியிலிருந்து சத்தம். ப, ப என்று. இருமல் என்று நினைத்து முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டார். "பவளம்."

தெளிவாகச் சொன்னார். என் பெயர்கூட அவர் வாயில் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

அவர் அம்மா பெயரும் இல்லை, எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் இல்லை. குழியருகில் வைத்தாரோ, அதற்கு முன்பே நினைத்து வைத்திருந்தாரோ. வருடா வருடம் ஆடியில் அப்பாவுக்குப் படைக்கிறேன் என்று இடுகாட்டுக்குத் தனியாகப் போவார். ஒரு பொட்டலம் கற்கண்டு எடுத்துப் போவார். மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

முப்பத்துமூன்று வருடம் ஒன்றாகவே இருந்தோம். எனக்கு வெறும் பிள்ளை. அவருக்குப் பவளம்.



ஜூலை 13, ஞாயிறு

புகை குறையவில்லை. உடம்பெல்லாம் வலி. சமைக்கவில்லை, ரொட்டி வாங்கினேன்.

நாளை தோண்டுகிறார்கள். கால்வாய்ப் பக்கம் எடுக்க ஒன்றுமில்லை.

பகலில் தேவி போன். நேற்றைய பேச்சை எடுக்கவில்லை. "அக்கா பேர ரூமியில, ஏபிசி எழுத்துல, எப்படி எழுதுறதும்மா? கல்லு வெட்டுறவங்க கேக்குறாங்களாம்."

அக்கா என்றாள்.

எனக்குத் தெரியாது, அப்பாவிடம் கேள் என்று போனை அவர் காதில் வைத்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். முதல் எழுத்திலேயே இல்லை என்று தலையை ஆட்டினார். போனில் அது அவளுக்கு எப்படித் தெரியும்? நான்தான் போனை வாங்கி, தப்பாம், முதலிலிருந்து சொல்லு என்றேன்.