இரண்டாவது பெட்டி

மார்ச் 3

துணி துவைக்கும் மெஷின் மறுபடியும் அடுக்களை முழுக்கத் தண்ணீர் விட்டது. மெக்கானிக் "நாளைக்கு" என்றார். அவருடைய நாளை எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. அத்தை போர்வைகளைக் கையால் பிழிந்து, வாளியோடு மொட்டைமாடிக்குக் கிளம்பினார். வாளியை வாங்கிக்கொள்ளப் போனேன். "நீ அந்த மெஷினைப் பாரு. எனக்கு ஒண்ணும் ரிப்பேர் இல்ல."

சாயங்காலம் கொழுந்தன் போன் செய்தார். மலைக்கோயில் பயணம் பற்றி. அம்மாவை அழைத்துப் போவதாகச் சொல்லிச் சொல்லியே அவர் அண்ணன், என் கணவர், போய்ச் சேர்ந்தார். அந்த வாக்கை நான் நிறைவேற்றப் போகிறேன். அதில் புதிதாக ஒன்றுமில்லை. புதிது இதுதான்: திரும்பும்போது அடிவார ஸ்டேஷனுக்கே கொழுந்தன் வந்து அத்தையைத் தன் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார். இனிமேல் அங்கேதான்.

"ஒரே அலைச்சலா முடிஞ்சிடும் அண்ணி. நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் தனியா பாத்துப்பீங்க? அம்மாவும் சரின்னுட்டாங்க."

அம்மா சரி என்றுவிட்ட பிறகு நான் என்ன சொல்ல? சரி என்றேன்.

அத்தை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டோம்.

மார்ச் 8

அத்தைக்கு ஷூ வாங்கப் போனோம். வாழ்நாளில் செருப்பைத் தவிர எதையும் போட்டறியாத கால். கடைக்காரர் ஒரு ஜோடியை மாட்டி, நடந்து பார்க்கச் சொன்னார்.

"இது காலா, ரெண்டு படகா?"

"மலைக்கு இதுதாம்மா நல்லது. பிடிமானம் இருக்கும்."

"பிடிச்சிக்கிட்டா சரி. என்னையும் மலையையும் சேத்துப் பிடிச்சிக்கிட்டா?"

ஒன்று அகலம், ஒன்று கடிக்கிறது, ஒன்றின் நிறம் "கல்யாண மாப்பிள்ளைக்குத்தான் ஆகும்". வெறுங்கையோடு திரும்பினோம். எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது போல ஒரு நிம்மதி. ஏன்?

மார்ச் 15

ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நாளைக்கு.

(மெக்கானிக்கின் நாளை.)

மார்ச் 19

நான் வேலை பார்க்கும் காது பரிசோதனை அறையில் இன்று நல்ல கூட்டம். சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வேன். கேட்காமலே அழுத்துபவர்கள் உண்டு; தோற்றுப்போக மனம் வராது. கேட்டும் அழுத்தாதவர்களும் உண்டு. காது மந்தம் என்று காகிதம் வாங்கிக்கொண்டால் வீட்டில் சில பேச்சுகளிலிருந்து தப்பலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் இரண்டாவது வகையை எளிதில் கண்டுபிடித்துவிடுவேன். ஒலி வரும்போது கண் இமை லேசாக நிற்கும். கை மட்டும் அசையாது.

வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. அவளுடைய பெரியம்மா அந்த மலைக்குப் போய் வந்தவராம். "அங்க போறவங்க பிடிச்சது ஒண்ணை விட்டுட்டு வரணும்க்கா. பெரியம்மா மாம்பழத்தை விட்டுட்டாங்க. இப்போ சீசன் வந்தா எங்க எல்லாரையும் முறைக்கிறாங்க."

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"பாகற்காயை விட்டுடறேன்."

"பிடிச்சதைத்தான் விடணும் அத்தை."

"உன் சமையலை விடலாம்னு பாத்தேன். பிடிச்சதைத்தான் விடணும்னா அதுக்கும் வழியில்ல."

சிரித்தோம். பிறகு ஏனோ இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அத்தை தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

மார்ச் 28

டாக்டரிடம் போனோம். இதயமும் மூச்சும் சரியாக இருக்கின்றன என்று அவர் எழுதித் தந்தால்தான் மலையேற விடுவார்கள். அத்தையை நீளமான வராந்தாவில் வேகமாக நடந்து வரச் சொன்னார். அத்தை பாதி தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன பாட்டி, இதுக்கே இப்படியா?"

"யாருக்குப் பாட்டி? உன் வயசுல எனக்கு ஒரு பையன் இருக்கான்" என்றார். மூச்சு வாங்குகிறவரால் இவ்வளவு நீளமாகப் பேச முடியாது. டாக்டருக்கு அது தோன்றவில்லை. ஒரு மாதம் நடந்து பழகிவிட்டு வரச் சொன்னார்.

நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை நின்றது.

நேற்றுத்தான் ஈரப் போர்வைகளோடு மூன்று மாடி ஏறிப் போனவர். மேலே போய் எதிர்வீட்டு மாடியில் இருந்தவளோடு சத்தமாகக் கதை வேறு பேசினார். எனக்குக் கீழே கேட்டது.

ஆட்டோவில் வரும்போது "என்ன அத்தை, ரொம்ப முடியலையா?" என்றேன்.

"வயசாச்சுல்ல" என்றார், வெளியே பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 2

போக விருப்பமில்லையா அவருக்கு? இந்த மலையைப் பற்றி அவர் பேசாத நாளில்லையே. அல்லது—

எழுதவே பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் ஆசைப்பட ஆரம்பித்துவிடுவேன்.

ஏப்ரல் 5

கொழுந்தன் வீடியோவில் அத்தையின் அறையைக் காட்டினார். இளம்பச்சைப் பெயிண்ட். தாழ்வான கட்டில், ஏறி இறங்க வசதியாக. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூடப் போட்டிருக்கிறார். அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, "அத்தைக்கு இந்தக் கலர் பிடிக்குமா கேளுங்க" என்றாள்.

நல்ல பிள்ளைகள். கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவு சுலபம். ஒரு சண்டை போட்டு, இங்கேயே இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகன் கம்பி வரைக்கும் யோசித்து வைத்திருக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்த நான் யார்? என் கணவர் இருந்தவரைக்கும் மருமகள். இப்போது? ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பெண்கள். இதற்கு என்ன உறவு என்று எந்தக் காகிதத்தில் எழுத முடியும்?

வாசலில் பால் போடுகிறவர் கேட்டார், "அம்மா ஊருக்குப் போறாங்களாமே. அப்புறம் ஒரு பாக்கெட் போதுமா?"

பார்க்கலாம் என்றேன். பாலைக் காய்ச்ச மறந்து, திரிந்துபோனது.

ஏப்ரல் 9

இன்று டிக்கெட் எடுத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். ஜூன் முதல் வாரம். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும். போவதற்கு இரண்டு பேர். பெயர், வயது எல்லாம் நிரப்பினேன். திரும்புவதற்கு எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று என்று அழுத்த வேண்டும்.

அழுத்தவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது.

பின்னால் அத்தை.

"என்னாச்சு?"

"நெட் போச்சு அத்தை."

அத்தையின் கையில் இருந்த போனில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு நெட்டில்தான். ஒரு தடங்கலும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. அத்தை என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கட்டைவிரலால் பாட்டை நிறுத்தினார்.

"ஆமா, இதுலயும் நின்னுபோச்சு" என்றார்.

ஏப்ரல் 19

சண்டை. இவ்வளவு வருடத்தில் இப்படி ஒன்று நடந்ததில்லை.

பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்து இரண்டு வாரமாகிறது. ஒன்று மலைக்கு. மற்றது கொழுந்தன் வீட்டுக்கு. ஸ்டேஷனில் அவர் கையில் கொடுக்க வேண்டியது. முதல் பெட்டியில் கம்பளி, குல்லா, மாத்திரை எல்லாம் ஏறிவிட்டன. இரண்டாவதில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. அத்தை அதன்மேல் பேப்பரை மடித்து வைக்கிறார், வெங்காயத் தட்டை வைக்கிறார், திறக்க மட்டும் மாட்டேன் என்கிறார். நானே செய்துவிடலாம் என்று அவர் புடவைகளை எடுத்து அடுக்கினேன். மேலே என் கணவர் படத்தை வைத்தேன், இஸ்திரி போட்ட துண்டில் சுற்றி.

அத்தை குளித்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"என்னைத் தொரத்தறதுல அவ்ளோ அவசரமா?"

"நான் தொரத்தறேனா? நல்லா இருக்கே. போறேன்னு சொன்னது யாரு?"

"நான் எப்போ சொன்னேன்? அண்ணி சரின்னுட்டாங்கம்மான்னு உன் கொழுந்தன்தான் சொன்னான். நீயே சரின்ன அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல? இருக்கேன்னு உன் கால்ல விழவா?"

"எங்கிட்ட அம்மா சரின்னுட்டாங்கன்னு சொன்னாரு அத்தை."

"நான் சரின்னது நீ சரின்னதால."

"நானும்தான்."

இருவரிடமும் அடுத்தவர் சரி என்றதாகச் சொல்லியே முடித்திருக்கிறார் கொழுந்தன். குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். அதைக்கூட நான் இன்னும் சரி செய்யவில்லை. அத்தை பெட்டியருகில் உட்கார்ந்து, துண்டோடு படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இவன் ஒருத்தன். வீட்டுல ரெண்டு மண்டு இருக்கு, பேசி வைக்கணும்னு தோணாம போய்ட்டான்."

அழுதேன். அத்தை அழவில்லை. எழுந்து போய் எனக்கு மட்டும் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

படம் பழைய ஆணியில் இருக்கிறது. புடவைகள் அலமாரியில். நான் வைக்கவில்லை.

மே 2

டாக்டர். அதே வராந்தா. அத்தை புது ஷூவில் (மாப்பிள்ளை நிறம்தான்) கோடி வரை போய்த் திரும்பி, இன்னொரு முறை போகட்டுமா என்றார்.

"போன தடவை அவ்வளவு மூச்சு வாங்குச்சே?" டாக்டர் கழுத்தில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"அது போன தடவை" என்றார் அத்தை.

காகிதம் கிடைத்தது.

மே 3

இன்று அத்தையே மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். என்னை நகரவிடவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ரூம் ரொம்ப நல்லாருக்குடா. பச்சை எனக்குப் பிடிக்கும்னு சொல்லு அவகிட்ட. வருஷத்துல ஒரு மாசம் வந்து உங்க உசுரை வாங்கறேன். மத்த மாசமெல்லாம் இங்கதான்."

கொழுந்தன் மெதுவாகக் கேட்டார், "நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனாம்மா?"

நானே பதில் சொல்ல வாயெடுத்தேன்; அத்தை முந்தானையை இழுத்தார்.

"நீ ஒரு தப்பும் பண்ணல கண்ணா. உன் அண்ணிக்கு நெட்டு சரியா வரமாட்டேங்குது. பக்கத்துல ஆள் வேணும்."

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் கொஞ்சம் கழித்துச் சிரித்தார். பிறகு என்னிடம் தனியாக, "அண்ணி, எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல" என்றார். சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் அவருக்கு உடனே தீராது. தீர்க்க வேண்டியது என் பொறுப்பு. அடிவார ஸ்டேஷனுக்கு அவரையும் அவர் மனைவியையும் வரச் சொல்லியிருக்கிறேன், எங்களோடு மலையேற.

டிக்கெட் எடுத்தேன். பக்கம் ஒரு தடவையும் நிற்கவில்லை.

மே 24

மாடியில் துணி எடுக்கும்போது அத்தை சொன்னார்: "எதை விடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"மாம்பழம்னு மட்டும் சொல்லாதீங்க."

"பெரியவன் மேல இருக்கற கோபத்தை." போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "கூட்டிட்டுப் போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போய்ட்டான்ல. அந்தக் கோபத்தைத் தினமும் எடுத்துத் தொடச்சித் தொடச்சி வச்சிருக்கேன். அதைவிடப் பிடிச்சது எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அங்கேயே விட்டுட்டு வந்துடறேன்."

போர்வையை மடித்தோம். முனைக்கு முனை, அவர் என்னை நோக்கி வந்தார், நான் அவரை நோக்கி.

நான் எதை விடுவது என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் இன்னும் தெரியவில்லை.

ஜூன் 4

இன்னும் சற்று நேரத்தில் ஆட்டோ வந்துவிடும். சாவியை எதிர்வீட்டில் கொடுத்தாயிற்று. மெஷினின் குழாயை மூடியாயிற்று. இரண்டாவது பெட்டி பரணில்.

பால் போடுகிறவர் காலையிலேயே வந்து நின்றார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை, ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, வாசலுக்குக் குரல் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து வேணாம்ப்பா. பதினெட்டாம் தேதி காலையில போடு. எப்பவும் போல ரெண்டு."