வாசலருகே ஆடும் கல்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். போனை எடுத்தாலே அப்பா பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் கதை பேசுகிறார், அதனால்தான் கடிதம்.

வீட்டுத் தரை மோசமாகிவிட்டது. கூடத்து மொசைக் தேய்ந்து சொரசொரவென்று கிடக்கிறது. அடுப்படி ஓரம் விரிசல். வாசல் கதவுக்கு முன்னால் ஒரு கல் ஆடுகிறது, மிதித்தால் 'டொக்' என்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் அப்பா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். ரிட்டயர் ஆனதையே மறந்துவிட்டவரிடம் யார் என்ன சொல்வது? தையலைப் போட்டுவிட்டு அவரைப் பிடிக்க ஓடுவேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மேஸ்திரி வந்து பார்த்தார். "ஒட்டுப் போட்டா கொஞ்ச நாள் தாங்கும்மா. மொத்தமா பேர்த்துட்டு டைல்ஸ் போட்டாத்தான் நிம்மதி" என்கிறார். பேர்த்தால் அப்பாவை எங்கே வைத்துக்கொள்வது? எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. நீயே ஒரு முடிவு சொல். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

மொத்தமாக மாற்றிவிடலாம். வழவழப்பில்லாத டைல்ஸ் போடச் சொல். இப்போது லீவு கேட்டால் மேனேஜர் கடித்துக் குதறிவிடுவார், வருட முடிவில் கட்டாயம் வருகிறேன். அதுவரை உன் காதுக்காவது ஓய்வு வேண்டாமா? மேஸ்திரியிடம் போனில் பேசிவிட்டேன். வாசல் கல்லை இந்த வாரமே பதித்துவிடுவார்.

உன் செல்லத் தம்பி

ஜூன் 29

தம்பிக்கு,

மேஸ்திரி வந்தார், கல்லைப் பதித்தார். நானும் அப்பாடா என்றுதான் இருந்தேன்.

நேற்றுக் காலை ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு நிதானமாகத் தைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் கட்டில் காலி, கதவு திறந்திருக்கிறது. தெருத்தெருவாக ஓடினேன். கடைசியில் சலூன்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அப்பா செருப்பில்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். பாதமெல்லாம் கொப்புளம். "பஸ்ஸு ஏம்மா இன்னும் வரல?" என்று என்னைக் கேட்கிறார்.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஆனால் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். இத்தனை வருஷமாக அந்தக் கல் ஒன்றுதான் எனக்குக் கூடமாட இருந்தது. அதையும் போனிலேயே வாயடைத்துவிட்டாய்.

டைல்ஸ் வேண்டாம். ஒரு மாதம் நீ வந்து இரு. நான் தோழி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறேன். எனக்கு முடியவில்லை. வர முடியாதென்றால் பதில் போடாதே, நானும் இனி எழுதப்போவதில்லை.

அக்கா

ஜூலை 21

என் அன்பு அக்காவுக்கு,

நான் வந்து, நீ தோழி வீட்டுக்குப் போன மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டு அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி ஆடும்படி வைக்கச் சொன்னேன். "என் சர்வீஸ்ல வேலையைக் கெடுக்கச் சொன்ன முதல் ஆளு நீங்கதான் சார்" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்றபடி அடுப்படி விரிசலை மட்டும் பூசியாயிற்று. அப்பா இருக்கும்வரை கூடம் தேய்ந்தே கிடக்கட்டும்.

சாப்பிட உட்கார்ந்தால் டொக். குளிக்கப் போனால் டொக். பேப்பரை விரித்தால் தலைப்பைத் தாண்ட முடியவில்லை. போய்ப் பார்த்தால் அப்பா சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்கிறார். "இன்னைக்கு ஆபீஸ் லீவுப்பா" என்றால், "உனக்கு லீவு, எனக்குமா?" என்கிறார். சிரிப்பு வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது. இதற்கு நடுவில் நீ எப்படி ஊருக்கெல்லாம் சட்டை தைத்தாய்?

நீ எப்போது திரும்புவாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை. நீ அங்கே பகலெல்லாம் தூங்குவதாக உன் தோழி சொன்னார். தூங்கு. லீவை நீட்டச் சொல்லி எழுதிப் போட்டாயிற்று, மேனேஜர் கடித்தால் கடிக்கட்டும்.

கல் கூப்பிடுகிறது, அக்கா. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி