காலியான வில்லைப் பலகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் நகராட்சி பெரிய மனது பண்ணி, மூடிக் கிடந்த சுரங்கத்தின் வாசல் கட்டிடத்தைக் காட்சிக்கூடம் ஆக்கிவிட்டது. சுவர் முழுக்க ஊரின் வரலாறும் புவியியலும். வரலாறு என்னவென்றால், நகராட்சித் தலைவரின் தாத்தா தொலைந்த ஆட்டைத் தேடிப் போன இடத்தில் செம்புக்கல்லைக் கண்டுபிடித்தாராம். அந்த மனுஷர் நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியையே தெருவெல்லாம் தேடியவர். புவியியலில் நம் ஊர் அழகிய சமவெளியாம்! மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் மழை வந்தால் சரிந்து விழும் சாலை, இதில் தட்டையாக இருப்பது கழிவுக்கல்லைக் கொட்டி நிரவிய மேடு ஒன்றுதான். அதன்மேல்தான் நகராட்சி உட்கார்ந்திருக்கிறது, பொருத்தமான இடம்தான். மேல்வரிசை அதிகாரிகள் வீட்டுச் சாக்கடை கீழ்வரிசையில் நம் வாசல் வழியாக ஓடியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அதற்கெல்லாம் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் வில்லைப் பலகையில் கை வைத்துவிட்டார்கள். நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார். மூன்றாம் சுரங்கம் இடிந்து, தோண்டி எடுக்க முடியாது என்று சுரங்கக் கம்பெனி கைகழுவிய நாளிலிருந்து உன் அப்பாவுடையதும் கூட இறங்கியவர்களுடையதும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அலங்காரம் பண்ணுகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் கழற்றி, புளி போட்டுத் தேய்த்து, கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். திறப்பு விழாவில் தலைவர் என்கிறவன் வெறும் பலகையைக் காட்டி, பலகை காலியா இருந்தா எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்கன்னு அர்த்தம் என்று விளக்கினான். வந்தவர்கள் கைதட்டினார்கள். சுரங்கத்து ஊரில் பிறந்தவன், வாயில் வந்ததன் பொருள்கூடப் புரியாமல் இளித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்து அப்பாவின் வில்லையை எடுத்து அதே ஆணியில் மாட்டினேன். அவன் ஓடி வந்து, அக்கா, விழா நேரத்துல ஏன் இப்படிப் பண்றீங்க, கழட்டிடுங்க என்று குழைந்தான். நீ உள்ள போய் அவரைக் கூட்டிட்டு வா, நானே கழட்டித் தர்றேன் என்றேன். அப்புறம் கீழ்வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தங்கள் ஆளுடையதை மாட்டினார்கள்.

தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், இன்றுவரை யாரும் தொடவில்லை. வீட்டை விற்றுவிட்டு உன்னிடம் வந்துவிடச் சொல்லியிருந்தாய். இப்போதைக்கு முடியாது, கோபித்துக்கொள்ளாதே. உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழட்டும். பிள்ளையின் இருமலை அசட்டையாக விடாதே, டாக்டரிடம் காட்டு. ஊரே என்னைக் கெட்டிக்காரி என்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் அம்மா. வெளியே வந்துவிட்டார் என்று அந்த மடையனாவது சொன்னான், நான்தான் என் கையால் அவரை மறுபடி உள்ளே அனுப்பிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா